சிவகாசியில் அச்சான பிரெஞ்சுப் புரட்சி

பிரான்சில் நான் வசிக்கும் சிற்றூரில் ஒரு விழாக் கமிட்டி இருக்கிறது. ராஜாவை விரட்டிய புரட்சியை ஆண்டுதோறும் ஜூலை பதினான்காம் தேதி வாணவேடிக்கையோடு கொண்டாடுவது அதன் வேலை. என்னோடு சேர்த்து ஒன்பது பேர். அந்த வருடம் வாணவேடிக்கை மட்டும் போதாது, வீட்டுக்கு வீடு புரட்சியை ஆணியில் மாட்டிவிட வேண்டும் என்று தீர்மானித்தார்கள். பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு படம், ஒரு காலண்டர். எங்கே அச்சடிப்பது என்று நான்கு மணி நேரம் விவாதம் நடந்தது. கடைசியில் ஒருவர் இணையத்தில் தேடிச் சிவகாசியைக் கண்டுபிடித்தார். உடனே எட்டுத் தலைகளும் என் பக்கம் திரும்பின. நான் தமிழன். ஆகையால் சிவகாசியில் இருப்பவர்கள் எல்லோரும் எனக்கு மாமன் மச்சான் முறை என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள்.

நான் பிறந்தது புதுச்சேரியில். இருபத்தாறு வருடமாக அந்தச் சிற்றூர்ப் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறேன். சிவகாசியைப் பார்த்ததே இல்லை. இதையெல்லாம் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. படங்களை ஒரு சி.டி.யில் போட்டுக் கையில் கொடுத்து, ஆகஸ்டு விடுமுறையில் விமானம் ஏற்றிவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை மாலை, சிவகாசிக்குப் போகும் வழியில், விருதுநகரில் இறங்கினேன். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் மிளகாய் மண்டிகளின் காற்று முகத்தில் அறைந்தது. வரிசையாகப் பதினொரு தும்மல். ஒரு பெட்டிக்கடைக்காரர் கடையை விட்டு இறங்கி வந்து, சோடா பாட்டிலை நீட்டினார். "ஊருக்குப் புதுசா? குடிங்க. ரெண்டு நாள்ல மூக்கு பழகிரும்" என்றார். மூக்கு பழகுமுன் நான் ஊர் மாறிவிட்டேன். சோடா மட்டும் பழகியது.

விருதுநகரில் பரோட்டாவைக் கல்லில் போட்டு எடுப்பதோடு விடுவதில்லை. அதை எண்ணெயில் முக்கிப் பொரிக்கவும் செய்கிறார்கள். பிய்த்தால் அப்பளம் போல் நொறுங்குகிறது. அதன் மேல் சால்னாவை ஊற்றி, நொறுங்கியது ஊறுவதற்குள் வாயில் போட வேண்டும். பிரான்சில் உருளைக்கிழங்கைப் பொரித்துவிட்டு அதைப் பண்பாடு என்று சொல்லிக்கொள்கிறார்கள். எனக்குப் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் ஐந்தாவது பரோட்டாவைக் கேட்டபடியே, "டாக்டர் எண்ணெய் பக்கமே போகக்கூடாதுன்னுட்டாரு" என்று பொதுவாக அறிவித்தார்.

அன்றிரவு சிவகாசியில் எனக்குக் கிடைத்த லாட்ஜ் அறையில் ஏழு காலண்டர்கள் தொங்கின. ஒன்றுகூட நடப்பு வருடத்துடையதில்லை. கேட்டதற்கு மேனேஜர், "படம் நல்லாருக்கும்ல சார்" என்றார்.

மறுநாள் காலை அச்சகத்துக்குப் போனேன். முதலாளி தனுஷ்கோடி அண்ணாச்சிக்கு அறுபது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, மேசையில் இரண்டு செல்போன். "வாங்க சார், சாப்பிட்டீகளா, பயணமெல்லாம் எப்படி?" என்று எழுந்து நின்று வரவேற்றார். இப்படிப்பட்ட மனிதர்களைப் பார்த்தால் எனக்கு உடனே பிடித்துவிடும். பிறகுதான் கஷ்டம்.

சி.டி.யைக் கம்ப்யூட்டரில் போட்டார்கள். அதில் ஒன்றுமில்லை என்று சொன்னது. இரண்டாவது கம்ப்யூட்டரும் அதையே சொன்னது. அண்ணாச்சி அதை வாங்கித் தன் சட்டையில் நன்றாகத் துடைத்துக் கொடுத்தார். மூன்றாவது கம்ப்யூட்டர் அதைத் திருப்பித் தரவே மறுத்துவிட்டது. ஒன்பது பேர் சேர்ந்து தேர்ந்தெடுத்த பன்னிரண்டு படங்களில் ஒன்றையும் அந்த ஒன்பது பேர் சி.டி.யில் பதியவில்லை.

"படம் இல்லாட்டி என்ன சார், கதையைச் சொல்லுங்க. நான் வரைஞ்சிர்றேன்" என்று டிசைன் அறையிலிருந்து குரல் வந்தது. பேச்சியம்மாள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். ஆனைக்குட்டம் பக்கத்துக் கிராமம். அவள் தாய் தகப்பன் பிறர் காட்டில் கூலி வேலை பார்த்தவர்கள். அவளும் அவள் அக்காவும் பட்டாசுக் கம்பெனிக்கு வந்தார்கள். அங்கே வெடிப் பெட்டி லேபிளைப் பார்த்துப் பார்த்து அவளாகவே வரையப் பழகி, பிறகு இங்கே வந்து சேர்ந்தாளாம். அண்ணாச்சியிடம் அவள் பயப்படுவதில்லை என்பதை முதல் ஐந்து நிமிடத்தில் தெரிந்துகொண்டேன்.

அப்படித்தான் நான் சிவகாசியில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பிரெஞ்சுப் புரட்சியை வாயால் சொல்ல ஆரம்பித்தேன். ஜனவரி மாதத்துக்கு ராஜாவும் ராணியும்.

"ராஜாவுக்கு மீசை எப்படி இருக்கும்?" என்றாள் பேச்சி.

"மீசை கிடையாது."

"மீசை இல்லாத ராஜாவை யார் சார் மதிப்பா?"

"அதுதான் அங்கேயும் ஆச்சு" என்றேன்.

ராணி அவள் கையில் லட்சுமியாகவே வந்தாள். ரோஜா நிறப் பட்டு, அகன்ற கண், கன்னத்தில் செம்மை. அண்ணாச்சி எட்டிப் பார்த்து, கையிலிருந்து நாலு தங்கக் காசு கொட்டினால் படம் எடுப்பாக இருக்கும் என்றார். அந்த அம்மாள் கையிலிருந்து காசு அதிகம் கொட்டியதுதான் ஜனங்களின் புகாரே என்று விளக்கினேன். அவருக்கு வருத்தம்தான்.

பிப்ரவரி, மார்ச் இரண்டும் ரொட்டிக்குத் தவித்த ஜனங்கள். ஏப்ரலில் ராஜா சபையைக் கூட்டுகிறார். மே மாதப் படத்தில், ஜனங்களின் பிரதிநிதிகள் காலையில் வந்து பார்த்தால் மண்டபத்துக் கதவு பூட்டிக் கிடக்கிறது. பக்கத்தில் பந்து விளையாடும் கூடம் ஒன்று இருந்தது. அங்கே புகுந்து, நாட்டுக்கு ஒரு சட்டம் எழுதாமல் கலைய மாட்டோம் என்று சத்தியம் செய்கிறார்கள்.

பேச்சி பென்சிலை நிறுத்தினாள். "கதவைப் பூட்டிட்டா போயிருவாகன்னு நெனச்சாகளோ?"

"அப்படித்தான் நினைத்தார்கள்."

அவள் பூட்டைக் கொஞ்சம் பெரிதாகவே வரைந்தாள்.

வியாழக்கிழமை, என் காலண்டருக்கான ஆர்ட் பேப்பர் லாரியில் வந்து இறங்கியது. நல்ல கனமான காகிதம். மெஷின்மேன் கருப்பசாமியும் இன்னும் இரண்டு பேரும் கட்டுக் கட்டாகத் தூக்கிப் பைண்டிங் கூடத்தின் பின்சுவரோரமாக ஆளுயரத்துக்கு அடுக்கினார்கள். அங்கே ஒரு கதவு இருந்தது. காகிதம் அடுக்கிய பிறகு இல்லை. நானும் பக்கத்தில் நின்று கட்டுகளை எண்ணிச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டேன். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருடம் பாடம் எடுத்தவன் கையெழுத்து அது.

அந்தக் கூடத்தில் இருபத்திரண்டு பெண்கள் வேலை பார்த்தார்கள். தாள் அடுக்குவது, பசை ஒட்டுவது, காலண்டர் தலையில் தகரப்பட்டை அடிப்பது. மதியம் தூக்குச்சட்டியைத் திறக்கும்போது என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். கம்மஞ்சோறு, கருவாட்டுக் குழம்பு, சின்ன வெங்காயம். பதிலுக்கு நான் கதை சொல்ல வேண்டும். ஜூலை மாதத்துச் சிறைக்கோட்டையைச் சொன்னேன். பாரிஸ் நகரத்து ஜனங்கள் பொங்கியெழுந்து பாஸ்டீல் கோட்டையைப் பிடித்த அன்று உள்ளே இருந்த கைதிகள் ஏழே பேர். அன்றைக்கு ராஜா தன் டைரியில் 'ஒன்றுமில்லை' என்று எழுதிவைத்தார். வேட்டையில் ஒன்றும் சிக்கவில்லை என்பது அதற்கு அர்த்தம். ஊரே எரிந்துகொண்டிருந்தது அவருக்குக் கணக்கில் வரவில்லை.

"ஏழு பேருக்கா இம்புட்டு ஆர்ப்பாட்டம்?" என்றார் வாசலில் நின்று கேட்ட அண்ணாச்சி.

செப்டம்பர் மாதப் படத்தைச் சொன்னபோது பெண்கள் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். சந்தைப் பெண்கள் ரொட்டி கேட்டு மழையில் ஆறு மணி நேரம் நடந்து ராஜாவின் அரண்மனைக்குப் போகிறார்கள். மறுநாள் ராஜாவையும் ராணியையும் குழந்தைகளையும் வண்டியில் ஏற்றிக் கூடவே நகரத்துக்குக் கூட்டி வந்துவிடுகிறார்கள்.

"பஸ் இல்லையா சார்?" என்று கேட்டாள் சண்முகத்தாய். தகரப்பட்டை அடிப்பவள். கூடத்திலேயே மூத்தவள்.

"அப்ப பஸ் ஏது?"

"ராஜா என்ன சொன்னாரு?"

"சரின்னு சொன்னார்."

"வேற என்ன சொல்லுவாரு, அம்புட்டுப் பொம்பளைக வந்து நின்னா" என்றாள்.

வெள்ளிக்கிழமை, அக்டோபர் படத்தில், ராஜா வேலைக்காரன் வேஷத்தில் தப்பி ஓடினார். பெரிய வண்டி, மெதுவான வண்டி, வழியில் ஒரு சின்ன ஊரில் முகத்தை அடையாளம் கண்டு பிடித்துவிட்டார்கள். "சின்ன வண்டியா எடுத்திருக்கணும்" என்று அண்ணாச்சி உண்மையாகவே ஆதங்கப்பட்டார். அடுத்த படம்தான் தகராறு. ராஜாவின் தலை.

"நவம்பர் மாசத் தாள்ல தலையை வெட்டுறதா? தீபாவளி வருது சார்."

"பிரான்சில் தீபாவளி கிடையாது அண்ணாச்சி."

"மெஷின் இங்கனதானே ஓடுது? அது தீபாவளி கும்புடுற மெஷின்."

பேச்சிதான் வழி சொன்னாள். தலையும் வேண்டாம், வெட்டும் கருவியும் வேண்டாம். கூட்டத்தின் முகங்களை மட்டும் வரைந்தாள். எல்லோரும் அண்ணாந்து எதையோ பார்க்கிறார்கள். சிலருக்கு மகிழ்ச்சி, சிலருக்குப் பயம், ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள். நான் இருபத்தாறு வருடமாகக் காட்டிவந்த எந்தப் படத்திலும் அது இல்லை.

டிசம்பருக்கு மிச்சக் கதை. தலையை வெட்டியவர்கள் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டார்கள். நடுவில் மாதங்களுக்கெல்லாம் புதுப் பெயர் வைத்து, வாரத்துக்குப் பத்து நாள் என்று ஒரு புதுக் காலண்டரே போட்டார்கள். பத்தாவது நாள்தான் லீவு.

அண்ணாச்சியின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "பத்து நாளைக்கு ஒருக்கவா? அது நல்ல யோசனையா இருக்கே."

"அதான் நிக்கல" என்றாள் பேச்சி, தலையைத் தூக்காமல்.

கடைசியில் ஒரு படைத்தளபதி வந்து தனக்குத்தானே கிரீடம் வைத்துக்கொண்டார் என்று முடித்தேன். அண்ணாச்சிக்கு அது ஒன்றுதான் கதையில் ஒழுங்காக நடந்த காரியமாகப் பட்டது.

சனிக்கிழமை பதினொரு மணி இருக்கும். பைண்டிங் கூடத்தில் பசை காய்ச்சும் ஸ்டவ்விலிருந்து கீழே கிடந்த வெட்டுத்தாளில் தீப்பற்றியது. ஸ்டவ் இருந்தது முன்கதவுப் பக்கம். பின்கதவை என் காகிதம் மறைத்திருந்தது. இருபத்திரண்டு பேரும் தீயைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். அலறல் கேட்டதும் பக்கத்து டிசைன் அறையிலிருந்து நான் ஓடினேன். தெருப்பக்கம். பேச்சியும் ஓடினாள். அவள் கூடத்துக்குள். மணல் வாளியைத் தூக்கி வீசியது அவள்தான். அப்புறம் கருப்பசாமி வந்தான். நான் வேப்பமரத்தடியில் நின்று எல்லாவற்றையும் மிகத் தெளிவாகப் பார்த்தேன். சரித்திர ஆசிரியர்களுக்கு அந்தத் தூரம்தான் வசதி.

தீ அணைந்தது. யாருக்கும் உயிருக்கு ஆபத்தில்லை. நெரிசலில் சண்முகத்தாய் விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. புகை படிந்த முகங்களோடு பெண்கள் வெளியே உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி வந்து பார்த்தார். சண்முகத்தாயை உடனே தன் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பிறகு என்னிடம் திரும்பி, "ஒண்ணுமில்ல சார், சின்னப் புகை. உங்க காகிதத்துக்கு ஒரு சேதமும் இல்ல" என்றார்.

பேச்சி அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். "பின்கதவைத் திறந்து விடுங்க மொதலாளி."

"சீசன் முடியட்டும் பேச்சி. எடம் எங்க இருக்கு?"

"எங்க அக்கா பட்டாசுல மருந்து அடைக்கிற ரூமுக்கு நாலு பக்கமும் கதவு. வெடிச்சப்போ அவ பின்பக்கமா ஓடினா. கை போச்சு, ஆள் இருக்கா. இங்கன காகித ரூமு, ஒத்தக் கதவு."

அண்ணாச்சி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பினார். கோவில்பட்டியில் திங்கட்கிழமை ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம்.

ஞாயிற்றுக்கிழமை லாட்ஜுக்குப் பேச்சி வந்தாள். நாளைக்கு விருதுநகர் பக்கம் சூலக்கரையில் கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் நாள். எல்லோரும் போகிறார்கள். மனுவை நான் எழுத வேண்டும்.

நான் நிறையக் காரணம் சொன்னேன். நான் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரன். விசாவில் வேறு வேலை எழுதியிருக்கிறது. ஆர்டர் தாமதமானால் கமிட்டிக்கு என்ன பதில் சொல்வது. முதலாளி நல்ல மனுஷன், பேசினால் கேட்பார். அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"நடந்து போன பொம்பளைகளைச் சொல்றப்ப உங்க குரலே வேற மாதிரி இருந்துச்சு சார்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

லாட்ஜ் மேனேஜரிடம் வெள்ளைத்தாள் வாங்கி மனுவை எழுதினேன். பிரெஞ்சில் யோசித்துத் தமிழில் எழுதியதால் நாலு பக்கம் வந்தது. மனித உரிமை பற்றி மட்டும் ஒன்றரைப் பக்கம். பேச்சி வாசித்துவிட்டு, "கதவு எங்க சார்?" என்று கேட்டாள். கதவு நாலாவது பக்கத்தில் இருந்தது. அவள் சொல்லச் சொல்ல மறுபடி எழுதினேன். எட்டே வரி.

திங்கட்கிழமை காலை இருபத்திரண்டு பெண்களும் விருதுநகர் பஸ்ஸில் ஏறினார்கள். சண்முகத்தாய் கையில் மாவுக்கட்டோடு வந்திருந்தாள். பேச்சியோடு இருபத்திமூன்று. நானும் ஏறினேன், கடைசி சீட்டில். ஆமத்தூரைத் தாண்டியதும் பஸ் பெருமூச்சு விட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பஞ்சர். டிரைவர் இறங்கி டயரைப் பார்த்து, "பத்து நிமிசம்" என்றார். பிரான்சில் ரயில் தாமதமானால் மன்னிப்புக் கேட்டு ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள், ரயில் வராது. இங்கே மன்னிப்பு இல்லை, டயர் நிஜமாகவே கழன்றது.

அதற்குள் ஒரு வெள்ளை வேன் தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. அண்ணாச்சி கல்யாண வேட்டியோடு இறங்கினார். அச்சகத்திலிருந்து யாரோ போன் செய்திருக்கிறார்கள். முதலில் என்னைப் பார்த்தார். "கதை சொல்லத்தானே சார் உக்கார வச்சேன்" என்றார். அவர் குரலில் கோபத்தைவிட வலிதான் இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பிறகு பெண்களிடம், "வேன்ல ஏறுங்க, போவோம். நம்ம வீட்டு விஷயத்தை ஊருக்கெல்லாம் சொல்லணுமா?" என்றார்.

யாரும் அசையவில்லை. "கதவு திறந்தா வாறோம்" என்றாள் பேச்சி.

"திறக்கேன்."

"இப்பத் திறக்கச் சொல்லுங்க."

அந்தக் கருவேலங்காட்டு ரோட்டில் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அண்ணாச்சி சண்முகத்தாயின் மாவுக்கட்டை ஒரு தடவை பார்த்தார். செல்போனை எடுத்துக் கருப்பசாமியைக் கூப்பிட்டார். "ஏலே, அந்த ஆர்ட் பேப்பரைத் தூக்கி வெளிய போடு. பூராத்தையும்."

நாற்பது நிமிடம் காத்திருந்தோம். டயர் மாட்டி முடிந்தும் டிரைவர் பஸ்ஸை எடுக்கவில்லை. அவருக்கும் தெரிந்தாக வேண்டும். போன் வந்தது. பேச்சி அதை அண்ணாச்சி கையிலிருந்து வாங்கினாள்.

"கருப்பசாமியண்ணே, கதவு வழியா வெளிய நடங்க. என்ன தெரியுது?"

அந்தப் பக்கம் சொன்னதை அவள் எல்லோருக்கும் கேட்கும்படி திருப்பிச் சொன்னாள். "குப்பைமேடு. ஒரு ஆடு. பக்கத்துக் காம்பவுண்டுச் சுவரு."

சண்முகத்தாய் அழுதுவிட்டாள்.

பாதிப் பேர் வேனில் திரும்பினார்கள். பேச்சியும் சண்முகத்தாயும் மற்றவர்களும் அதே பஸ்ஸில் சூலக்கரைக்குப் போனார்கள், கடைசி சீட்டில் நானும். எழுதியது எழுதியதுதான், கொடுத்துவிட்டே வருவோம், நாளைக்கே மறுபடி காகிதம் வந்து இறங்கும் என்றாள் பேச்சி. அங்கே மனுவை வாங்கிப் படித்து, முத்திரை வைத்து ரசீது கொடுத்தார்கள். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. அரண்மனை வாசலில் இரவெல்லாம் மழையில் கிடந்த அந்தக் காலத்துப் பெண்கள் கேட்டால் பொறாமைப்படுவார்கள்.

செவ்வாய்க்கிழமை எல்லோரும் வேலைக்கு வந்தார்கள். அண்ணாச்சி என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார், ஆனால் சாப்பிட்டீகளா என்று கேட்பதை விடவில்லை. மூன்று மணிக்கு வானம் இருட்டியது. வறண்ட ஊர், அதனால்தான் அச்சும் பட்டாசும் இங்கே செழித்தன என்று வந்த நாளிலிருந்து எல்லோரும் எனக்குப் பாடம் எடுத்திருந்தார்கள். முதல் துளி என் மூக்கில் விழுந்தது.

காகிதக் கட்டுகள் வெளியே திறந்தவெளியில் கிடந்தன. கருப்பசாமி ஓடி வந்தான். "சார், தார்ப்பாய் ஒண்ணுதான் இருக்கு. பாதிக்குத்தான் காணும். மிச்சத்தை உள்ள வைக்கவா? கதவுக்கிட்டதான் எடம் இருக்கு. மழை விட்டதும் எடுத்திருவோம்."

அண்ணாச்சி வாசலில் நின்று என்னைப் பார்த்தார். காகிதம் என் ஆர்டர், முடிவும் என்னுடையது. கூடத்துக்குள் தகரப்பட்டை அடிக்கும் சத்தம் நின்றிருந்தது. ஒரு மணி நேரம்தானே என்று எனக்குள் ஒருவன் சொன்னான். சனிக்கிழமை வேப்பமரத்தடியில் நின்றவன் அவன்தான்.

"வேண்டாம், நனையட்டும்" என்றேன்.

மழை முக்கால் மணி நேரம் பெய்தது. பெண்கள் பின்கதவு வழியாக வெளியே வந்து, சாக்கும் பாலித்தீன் பையும் கொண்டு முடிந்த அளவு மூடினார்கள். நானும் தெப்பமாக நனைந்து கட்டுகளைத் தூக்கினேன். முதல் தடவையாகத் தீயோ மழையோ இருக்கும் பக்கமாக ஓடியிருந்தேன். அப்படியும் பாதிக் காகிதம் பொதுமிப் போயிற்று. மிச்சக் காகிதத்தில், நினைத்ததில் பாதி அளவில்தான் காலண்டர் அச்சானது. பேச்சி வரைந்த அந்தக் கூட்டத்து முகங்கள் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருங்கின. அப்போதும் அந்தப் பெண் கண்ணை மூடியிருப்பது தெரிகிறது.

ஊர் திரும்பியதும் கமிட்டி கூடியது. புரட்சி ஏன் இவ்வளவு சிறியதாக இருக்கிறது என்று கேட்டார்கள். நடந்ததைச் சொன்னேன். வேப்பமரத்தையும் மறைக்காமல் சொன்னேன். பிறகு தலைவர், நாம் கூடியிருக்கும் இந்த மண்டபத்துக்கு எத்தனை வாசல் என்று கேட்டார். இரண்டு என்று ஒருவர் சொன்னார். இரண்டாவது எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. தேடினோம். மேடைக்குப் பக்கத்தில், விழாவுக்குப் போடும் நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்த இடத்துக்குப் பின்னால் அது இருந்தது.

இதை ஆராய்ந்து அறிக்கை தர மூன்று பேர் கொண்ட துணைக்கமிட்டி அமைக்கலாம் என்று செயலாளர் முன்மொழிந்தார். இன்னொருவர் வழிமொழிந்தார். துணைக்கமிட்டிக்கு யார் தலைவர் என்று விவாதம் தொடங்கியது. நான் எழுந்து போய் முதல் நாற்காலியைத் தூக்கினேன்.